அட்டையில் பெயர் இருக்கிறதா?

ஏலத்தோட்ட ஜீப்பில் தினமும் கம்பமெட்டு ஏறி இறங்குகிறவர்களுக்கு வலி மாத்திரை சோற்றோடு வைக்கும் கூட்டுப்போல ஆகிவிட்டது. இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்கள் எழுதியவை.

எனக்கு ஆஸ்துமா. மூக்கில் சதை வளர்ந்து ஒருமுறை அறுவை சிகிச்சையும் ஆயிற்று. தலைவலிக்கு ஆஸ்பிரின் போட்ட ஒரு மணி நேரத்தில் மூச்சு முட்டிவிட்டது. கொழுந்து எடுத்துவிட்டு வந்தால் இடுப்பு வலி தாங்கவில்லை. வேறு எதைப் போடலாம், டாக்டர்?
வாசகி, வண்டிப்பெரியாறு

அம்மா, இந்த மூன்றும் உங்களிடம் சேர்ந்திருப்பது தற்செயல் அல்ல. 1922-லேயே பிரான்சில் விவரித்து எழுதப்பட்ட நோய் இது. ஆஸ்பிரின் காக்ஸ்-1 என்ற நொதியை அடைக்கிறது. வலியைத் தூண்டும் புராஸ்டாகிளாண்டின்கள் அதனால் குறைகின்றன. ஆனால் அவற்றில் ஒன்றுதான் உங்கள் மூச்சுக்குழாய்க்குக் காவல். காவல் போனதும் லூகோட்ரையீன்கள் என்ற வேதிப்பொருள்கள் பெருகிக் குழாயைச் சுருக்கிவிடுகின்றன.

இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், நாப்ராக்சென், மெஃபனமிக் அமிலம் எல்லாம் இதே வேலையைச் செய்பவை. ஆஸ்பிரினுக்குப் பதில் இவற்றில் ஒன்றைப் போடுவது, அண்ணனுக்குப் பயந்து தம்பி வீட்டில் போய் ஒளிந்துகொள்வதுபோல.

முதலில் பாராசிட்டமால், ஒரு வேளைக்கு 500 மில்லிகிராம். ஒரே வேளையில் 1,000 போட்டால் உங்களைப் போன்ற சிலருக்கு மூச்சு இழுக்கும். இது வலியைக் குறைக்கும்; வீக்கத்தை அவ்வளவாகத் தொடாது. வீக்கமும் இருந்தால் செலிகாக்சிப் அல்லது எட்டோரிகாக்சிப். இவை காக்ஸ்-1-ஐ அதிகம் தொடாமல், வலி வீக்கத்துக்குக் காரணமான காக்ஸ்-2 என்ற நொதியைப் பெரும்பாலும் தடுப்பதால் உங்கள் நோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்கின்றன. இருந்தாலும் முதல் மாத்திரையை மருத்துவமனையில் வைத்தே போடுங்கள். சில மணி நேரம் அங்கேயே இருங்கள். இதய நோய், பக்கவாதம், சிறுநீரகக் கோளாறு இருந்தால் இவை வேண்டாம். இரத்த அழுத்தம் கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள் எட்டோரிகாக்சிப் பக்கமே போகக் கூடாது.

இன்னொன்று. சில மாதங்களுக்கு முன் மூச்சு வாங்க வாங்க என் அறைக்குள் வந்த ஒருவர் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். கத்தரியால் வெட்டிய அட்டைத் துண்டு, அதில் ஒரு மாத்திரை மிச்சம். பெயர் இருந்த பகுதி கடையிலேயே தங்கிவிட்டது. 'ஃபினாக்' என்ற கடைசி எழுத்துகள் மட்டும் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. அவை இல்லையென்றால் என்ன தின்றார் என்று எனக்குத் தெரிந்திருக்காது. பெயர் தெரியும்படி வெட்டித் தரச் சொல்லுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

எனக்கு மூச்சுத் தொல்லை இல்லை. ஆஸ்பிரின் போட்டால் வயிறு எரிகிறது.
வாசகர், குமுளி

உங்கள் கதை வேறு. இரைப்பையின் உட்சுவரைக் காப்பதும் காக்ஸ்-1 வேலைதான். அதனால் அந்தக் குடும்ப மாத்திரை எதுவும் உங்கள் வயிற்றைப் புண்ணாக்கலாம். ஊசியாகப் போட்டாலும் அப்படியே. பாராசிட்டமால் போதாதபோது செலிகாக்சிப்பும், காலையில் சாப்பிடுவதற்கு அரை மணி முன்னால் வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோலும் மருத்துவர் தரலாம். மலம் தார்போலக் கறுத்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். தினமும் ஆஸ்பிரின் 75. உடம்பில் தடிப்பு வருகிறது. நிறுத்திவிடலாமா?
வாசகர், போடி

நீங்களாக நிறுத்தாதீர்கள். ஸ்டென்டில் இரத்தம் உறைந்தால் தடிப்பைவிடப் பல மடங்கு ஆபத்து. இதய மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள். மாற்று மருந்து கொடுப்பதா, மருத்துவமனையில் வைத்து மிகச் சிறிய அளவிலிருந்து ஆஸ்பிரினை ஏற்றி உடம்பைப் பழக்குவதா என்று அவர் முடிவு செய்வார். உதடோ நாக்கோ வீங்கினால் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். முழங்கால் வலிக்கென்று இபுபுரூஃபன் வாங்கிக் கொடுக்க வேண்டாம். அது ஆஸ்பிரின் இதயத்துக்குச் செய்யும் வேலையைக் கெடுக்கும்.

மாத்திரையே வேண்டாம் என்று கேரளத் தைலத்துக்கு மாறிவிட்டேன். சரிதானே?
வாசகி, செங்கோட்டை

முறிவெண்ணெய், கொட்டஞ்சுக்காதி இரண்டும் மேலே தேய்ப்பவை. செய்முறையில் ஆஸ்பிரின் கிடையாது. சூடாக்கித் தேய்த்தால் இதமாக இருக்கும். நானும் தேய்க்கிறேன். ஊட்டியில் வாங்கும் விண்டர்கிரீன் தைலம் அப்படியல்ல. அதில் கிட்டத்தட்ட முழுவதும் மெத்தில் சாலிசிலேட், ஆஸ்பிரினின் பங்காளி. வலி ஸ்பிரே, பாம் பலவற்றிலும் இது உண்டு. ஆஸ்பிரினால் மூச்சுத் திணறுகிறவர்கள் தவிர்ப்பது நல்லது. குழந்தைகள் உள்ள வீட்டில் எட்டாத உயரத்தில் வையுங்கள்: ஒரு தேக்கரண்டி விழுங்கினால் 20 ஆஸ்பிரின் மாத்திரைக்கு மேல் விழுங்கியதற்குச் சமம்.

பெயரில்லாப் பொட்டலத்தில் வரும் மூட்டுவலிப் பொடி இரண்டே நாளில் அற்புதம் செய்தால் சந்தேகப்படுங்கள். ஸ்டீராய்டு கலந்திருக்கலாம்.

மழைக்காலக் காய்ச்சலில் உடம்பு முறிகிறதே?
வாசகர், கம்பம்

டெங்கு இல்லை என்று தெரியும்வரை ஆஸ்பிரினும் இபுபுரூஃபனும் யாருக்குமே வேண்டாம், ஒத்துக்கொள்பவர்களுக்கும்தான். இரத்தக் கசிவைக் கூட்டிவிடும். பாராசிட்டமால், கஞ்சி, நிறையத் தண்ணீர்.