கேள்வி பதில்: ரஷ்யாவின் ‘இன்டெலிஜென்ட்சியா’ யார்?

கேள்வி: ரஷ்ய வரலாறு பற்றி எதைப் படித்தாலும் ‘இன்டெலிஜென்ட்சியா’ என்று ஒரு கூட்டம் வந்துவிடுகிறது. படித்தவர்கள் எல்லாருமே அதில் அடக்கமா? அப்படி என்னதான் செய்தார்கள்?

பதில்: படிப்பு வேண்டும், ஆனால் அது மட்டும் போதாது. ஜார் அரசில் பெரிய பதவியில் இருந்த, நாலு மொழி பேசிய அதிகாரியை யாரும் இதில் சேர்க்க மாட்டார்கள். மாஸ்கோ பல்கலைக்கழகத்திலிருந்து பட்டம் வாங்காமலேயே வெளியேற்றப்பட்ட விமர்சகர் பெலின்ஸ்கிக்கோ முதல் வரிசையில் இடம் உண்டு. நாட்டில் நடக்கும் அநியாயத்துக்குத் தானும் பதில் சொல்லியாக வேண்டும் என்று நினைத்தாரா இல்லையா என்பதுதான் கணக்கு.

அன்றைய ரஷ்யாவை யோசித்துப் பாருங்கள். 1906 வரை நாடாளுமன்றமே கிடையாது, அச்சில் வருவதற்கெல்லாம் தணிக்கை, 1861 வரை இரண்டு கோடிக்கும் மேற்பட்ட விவசாயிகள் நிலப்பிரபுக்களின் பண்ணையடிமைகள். அரசியல் பேச இடமே இல்லாததால் அது இலக்கிய விமர்சனத்துக்குள்ளும், நண்பர்கள் கூடும் அறைக்குள்ளும், கையால் பிரதியெடுத்த கடிதங்களுக்குள்ளும் போய்ப் புகுந்துகொண்டது. 1836-ல் ரஷ்யாவின் பின்தங்கிய நிலையைப் பற்றிச் சிந்தனையாளர் சாதாயேவ் எழுதிய ஒரு கட்டுரை பத்திரிகையில் வெளிவந்தது. பத்திரிகையை மூடிவிட்டு, அவருக்குப் பைத்தியம் என்று அறிவித்தது அரசு. 1847-ல் பண்ணையடிமை முறைக்குப் பரிந்து பேசிய எழுத்தாளர் கோகலைக் கண்டித்து பெலின்ஸ்கி ஒரு கடிதம் எழுத, அது கைமாறிக் கைமாறிப் பரவியது. அதை ஒரு கூட்டத்தில் வாசித்துக் காட்டியதுதான் தஸ்தயேவ்ஸ்கி மீது சுமத்தப்பட்ட முக்கியக் குற்றம். 1849 டிசம்பரில் பீட்டர்ஸ்பர்க் மைதானத்தில், கடுங்குளிரில், துப்பாக்கிகளுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, கடைசி நேரத்தில் ஜாரின் ‘கருணை’ ஆணையை வாசித்தார்கள். அப்புறம் சைபீரியாவில் நாலு வருடம் கடுங்காவல். ஒரு கடிதத்தை வாசித்ததற்கு!

1874 கோடையில் இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் குடியானவர் உடை உடுத்திக் கிராமங்களுக்குப் போனார்கள், உழைக்கும் மக்களுக்குத் தாங்கள் பட்ட கடனைத் தீர்க்க. கிராமத்தாருக்கு இவர்கள் பேசியது பிடிபடவில்லை, சில ஊர்களில் போலீஸில் பிடித்துக் கொடுத்துவிட்டார்கள். மக்களை நேசித்தார்களே தவிர அவர்களை அறிந்திருக்கவில்லை. அந்தக் கசப்பில் சிலர் வெடிகுண்டுப் பாதைக்குப் போனார்கள், அதை என்னால் நியாயப்படுத்த முடியாது. நான் அதிகம் மதிப்பது உள்ளூராட்சி மன்றங்களின் மருத்துவர்களையும் ஆசிரியர்களையும்தான். 1892-ல் காலரா பயம் வந்தபோது, எழுத்தாளராகப் பெயர் வாங்கிவிட்ட செகாவ், தான் வசித்த மெலிகோவோவைச் சுற்றியிருந்த கிராமங்களுக்குச் சம்பளம் வாங்காமல் மருத்துவராக வேலை பார்த்தார்.

கேள்வி: சரி, புரட்சி நடந்ததும் இவர்களுக்கு நல்ல காலம் பிறந்திருக்க வேண்டுமே?

பதில்: பிறக்கவில்லை. 1922-லேயே பெர்தியாயேவ் போன்ற தத்துவவாதிகளையும் பேராசிரியர்களையும் பெட்ரோகிராடிலிருந்து கப்பலேற்றி ஜெர்மனிக்கு அனுப்பிவிட்டார்கள். ஸ்டாலின் காலத்தில் நாடுகடத்தல்கூட ஒரு சலுகையாகத் தோன்றும் நிலை வந்தது. மகன் சிறையில் இருக்க, கவிஞர் அக்மதோவா ‘ரெக்வியம்’ வரிகளைத் துண்டுக் காகிதத்தில் எழுதி தோழி லிடியா சுகோவ்ஸ்கயாவிடம் நீட்டுவார்; அறையில் ஒட்டுக்கேட்கிறார்கள் என்ற பயத்தில் வாயால் வேறு ஏதோ பேசிக்கொண்டிருப்பார். சுகோவ்ஸ்கயா படித்து மனப்பாடம் செய்ததும் காகிதம் சாம்பல் கிண்ணத்தில் எரியும். சோவியத் நாட்டில் அந்தக் கவிதை அச்சேறியது 1987-ல்.

அடுத்த தலைமுறை கார்பன் தாள் வைத்துத் தட்டச்சு செய்து, தடைபட்ட எழுத்துகளைக் கைக்குக் கை கடத்தியது. செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் சோவியத் டாங்கிகள் நுழைந்த சில நாட்களில், 1968 ஆகஸ்ட் 25 அன்று, மாஸ்கோவின் செஞ்சதுக்கத்தில் எட்டுப் பேர் அதை எதிர்த்துப் பதாகைகளுடன் உட்கார்ந்தார்கள். கவிஞர் கொர்பனேவ்ஸ்கயா கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். சில நிமிடங்களில் இழுத்துப் போனார்கள்.

கேள்வி: இன்றும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்களா?

பதில்: இருக்கிறார்கள். இயற்பியலாளர் சகாரவ் முதல் தலைவராக இருந்த ‘மெமோரியல்’ அமைப்பு ஸ்டாலின் காலத்துப் பலிகளின் பெயர்களைப் பல்லாண்டுகள் தேடித் திரட்டியது. 2021 டிசம்பரில் அதைக் கலைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அடுத்த ஆண்டே நோபல் அமைதிப் பரிசு அவர்களோடு பகிரப்பட்டது. அவர்களில் சிலர் நாட்டை விட்டுப் போய்விட்டார்கள், சிலர் வழக்குகளைச் சந்தித்துக்கொண்டு அங்கேயே இருக்கிறார்கள்.