நெய்யை நிறுத்தியும் அப்பாவுக்கு எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 4.3 mmol/L, ஏன்?

நெய்யை விட்டு பாக்கெட் எண்ணெய்க்கு மாறினால் மட்டும் எல்டிஎல் பெரிதாக இறங்காது. மலேசியாவில், நம் சுங்கை சிப்புட் கடைகளில் வாங்கும் அந்த 1 கிலோ பாக்கெட் செம்பனை எண்ணெய்தான். அதில் 40 சதவீதத்துக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. நெய்யில் 60, தேங்காய் எண்ணெயில் 80க்கு மேல். நெய் சோற்றில் ஒரு கரண்டிதான் விழும். எண்ணெயோ பொரியல், சம்பல், மீன் என்று எல்லாவற்றிலும் போகிறது.

'கொலஸ்ட்ரால் இல்லை' என்ற எழுத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். எந்தத் தாவர எண்ணெயிலும் அது பெயருக்குத்தான் இருக்கும். எல்டிஎல்லை ஏற்றுவது நிறைவுற்ற கொழுப்பு.

பாக்கெட்டைப் பிரித்த தேதியை அதன் மேலேயே எழுதுங்கள். நாலு பேர் வீட்டில் ஒரே வாரத்தில் தீர்ந்தால் ஆளுக்கு நாளைக்கு 36 கிராம், சுமார் இரண்டரை மேசைக்கரண்டி. அதைப் பாதியாக்குங்கள்: மீனைப் பொரிக்காமல் புளிக்குழம்பில் போடுங்கள், சந்தானை (தேங்காய்ப்பால்) வாரம் ஒரு நாளோடு நிறுத்துங்கள். காலையில் கடையில் சாப்பிடும் ரொட்டி சானாய் இந்தக் கணக்கில் வராது, அதையும் பாருங்கள்.

3 மாதம் கழித்து மறுபடி ரத்தம் எடுங்கள். மாத்திரை கொடுத்திருந்தால் தானாக நிறுத்தக் கூடாது. அப்போதும் இறங்காவிட்டால் தைராய்டு, பரம்பரைக் கொலஸ்ட்ரால் இரண்டையும் கிளினிக்கில் கேளுங்கள்.