வீட்டில் வரும் கணக்கு தேர்வறையில் ஏன் வரவில்லை?

கேள்வி: நான் பட்டப்படிப்பில் எடுத்தது வரலாறு. பள்ளியோடு கணக்கை விட்டாயிற்று. இப்போது மேற்படிப்பு நுழைவுத்தேர்வுக்காக ஆப்டிடியூட் கணக்குகள் போட்டுப் பழகுகிறேன். வீட்டில் பாடம் பாடமாகப் போடும்போது பெரும்பாலும் விடை வந்துவிடுகிறது. மாதிரித் தேர்வில் பாதிக் கேள்விகளைக்கூடத் தொட முடிவதில்லை. ஷார்ட்கட் ஃபார்முலாக்களை மனப்பாடம் செய்தால் வேகம் வருமா? தெரியாத கேள்விக்கு ஊகமாக விடை குறிக்கலாமா?

பதில்: பிரச்சினைக்கான காரணம் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. 'பாடம் பாடமாக' என்கிறீர்களே, அதுதான். 'வேலையும் காலமும்' என்று தலைப்பு போட்ட அத்தியாயத்தில் உட்கார்ந்து கணக்குப் போடும்போது, எந்த வழியில் போக வேண்டும் என்பதை அந்தத் தலைப்பே சொல்லிவிடுகிறது. தேர்வுத் தாளில் தலைப்பு கிடையாது. ஒரு ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டு, கேள்வியைப் படித்து முடித்ததிலிருந்து ரஃப் தாளில் முதல் வரி விழும்வரை எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். என்னிடம் பயிற்சிக்கு வருகிறவர்களில் பலருக்கு, பெருக்கல் வகுத்தலைவிட இந்த இடத்தில்தான் அதிக நேரம் போகிறது. ஆகவே பழக வேண்டியது முதல் வரி.

முதல் வரி என்றால் என்ன? ஒரு வேலையைக் கமலா 12 நாளிலும் ரவி 18 நாளிலும் முடிப்பார்கள். சேர்ந்து 4 நாள் செய்தபின் கமலா விலகிவிடுகிறார். மீதியை முடிக்க ரவிக்கு எத்தனை நாள்? பள்ளியில் படித்தபடி 1/12, 1/18 என்று தொடங்கினால் 5/36, 20/36, 16/36 என்று பின்னங்களாகவே போய்க் கடைசியில் 8 வரும். தப்பில்லை, ஆனால் வழுக்குகிற பாதை. அதற்குப் பதிலாக மொத்த வேலை 36 பங்கு என்று எழுதிவிடுங்கள். 12, 18 இரண்டுக்கும் மீச்சிறு பொது மடங்கு அது. கமலா நாளுக்கு 3 பங்கு, ரவி 2 பங்கு. நாலு நாளில் 20 பங்கு முடிந்தது, மீதி 16. ரவிக்கு 8 நாள். 'மொத்தம் 36' என்பதுதான் இங்கே முதல் வரி. அதை எழுதியபின் எல்லாம் மனக்கணக்கு. தொட்டி, குழாய்க் கணக்கும் இதேதான். தண்ணீரை வெளியேற்றும் குழாய்க்கு மைனஸ் போட்டால் சரி.

சதவீதக் கணக்குகளில் முதல் வரி பெரும்பாலும் ஒரு பின்னம். 25% என்றால் 1/4, 12.5% என்றால் 1/8, 16⅔% என்றால் 1/6. ஒரு பொருளின் விலை 25% ஏறிவிட்டது, செலவு அதே அளவில் இருக்க வேண்டும், பயன்பாட்டை எத்தனை சதவீதம் குறைக்க வேண்டும்? விலை 4 பங்காக இருந்தது 5 ஆகிறது, ஆகவே பயன்பாடு 5 பங்கிலிருந்து 4-க்கு வர வேண்டும். குறைவு 1/5, அதாவது 20%. 1/2 முதல் 1/12 வரையான பின்னங்களின் சதவீதம், 30 வரை வர்க்கங்கள், 15 வரை கனங்கள், இவற்றை மட்டும் தாராளமாக மனப்பாடம் செய்யுங்கள். அந்த உழைப்பு வீண் போகாது.

ஷார்ட்கட் விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பானவன். எங்கிருந்து வந்தது என்று தெரியாத ஷார்ட்கட், தேர்வில் ஒரு சொல் மாறினாலும் காலை வாரிவிடும். கலவைக் கணக்குக்கு எல்லோரும் படிக்கும் அலிகேஷனையே, அதாவது இரண்டை என்ன விகிதத்தில் கலந்தால் வேண்டிய சராசரி வரும் என்று காணும் முறையையே எடுத்துக்கொள்வோம். 20% கரைசலையும் 50% கரைசலையும் கலந்து 30% வேண்டுமானால், (50−30) : (30−20), அதாவது 2:1. அழகான முறை. இப்போது வேறொரு கேள்வி. ஒரு கார் கொஞ்ச தூரம் மணிக்கு 40 கி.மீ. வேகத்திலும் மீதித் தூரம் 60 கி.மீ. வேகத்திலும் ஓடுகிறது. சராசரி வேகம் 48. இரண்டு தூரங்களுக்கும் என்ன விகிதம்? அதே முறையில் 12:8, அதாவது 3:2 என்று வரும். விடைகளில் 3:2 கட்டாயம் இருக்கும், கேள்வி எடுக்கிறவர் உங்களுக்காகவே வைத்திருப்பார். ஆனால் 3:2 என்பது நேரங்களின் விகிதம். 40-இல் 3 மணி என்றால் 120 கி.மீ., 60-இல் 2 மணி என்றாலும் 120 கி.மீ. தூர விகிதம் 1:1.

ஏன் இப்படி? வேகம் என்பது ஒரு மணிக்கு இத்தனை கி.மீ. சராசரி எடுக்கும்போது எது எவ்வளவு கலக்கிறது என்பதை அளப்பது அந்த 'மணி'. விலை என்பது ஒரு கிலோவுக்கு இவ்வளவு என்றால், அதை அளப்பது கிலோ. அலிகேஷன் தரும் விகிதம் எப்போதும் இந்த 'ஒரு'வுக்குப் பக்கத்தில் இருப்பதன் விகிதம்தான். இது புரிந்தால் ஷார்ட்கட்டை அச்சமில்லாமல் பயன்படுத்தலாம். புரியாவிட்டால் நீளமான வழியிலேயே போங்கள்.

லாப நஷ்டத்திலும் இப்படியொரு கண்ணி உண்டு. இரண்டு பொருள்களை ஒரே விலைக்கு விற்றதில் ஒன்றில் 20% லாபம், இன்னொன்றில் 20% நஷ்டம். இரண்டும் சரிக்குச் சரி என்று தோன்றும். விற்ற விலையை 24 என்று வைத்துப் பாருங்கள். முதலாவதன் அடக்க விலை 20, இரண்டாவதன் அடக்க விலை 30. மொத்தம் 50-க்கு வாங்கி 48-க்கு விற்றிருக்கிறோம், நஷ்டம் 4%. அடக்க விலைகள் சமம் என்று கேள்வியில் இருந்திருந்தால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. எது சமம் என்பதைப் பேனாவால் அடிக்கோடு போட்டுவிட்டு ஆரம்பிப்பது நல்ல வழக்கம்.

சரி, பயிற்சிக்கு வருவோம். எல்லாப் பாடங்களும் கலந்த 30 கேள்விகளை எடுங்கள். ஒன்றுக்கும் விடை காண வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் முதல் வரியை மட்டும் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். அப்புறம் தீர்வுகளோடு ஒப்பிடுங்கள். முதல் இரண்டு நாள் எரிச்சலாக இருக்கும், விடை காணாமல் விடுவது கை அரிப்பாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். முதல் வரி வராத கேள்விகளை மட்டும் தனி நோட்டில் எழுதி, நாலு நாள் கழித்து மறுபடி பாருங்கள். கூட்டல் பிழையால் தவறியதை இந்த நோட்டில் சேர்க்க வேண்டாம், அது வேறு நோய், வேறு மருந்து.

தேர்வறையில் தாளை இரண்டு சுற்றாகப் பாருங்கள். அரை நிமிடத்துக்குள் முதல் வரி வராவிட்டால், குறித்துவைத்துவிட்டு நகருங்கள். விடைகள் எண்களாகக் கொடுக்கப்பட்டிருந்தால், சில சமயம் அவற்றைப் போட்டுப் பார்ப்பதே முதல் வரி. ஓர் இரண்டு இலக்க எண் தன் இலக்கங்களின் கூடுதலைப்போல் 7 மடங்கு, அதிலிருந்து 27-ஐக் கழித்தால் இலக்கங்கள் இடம் மாறும். விடைகள் 36, 42, 63, 84 என்று இருக்கின்றன. x, y என்று சமன்பாடு எழுதுவானேன்? 36 முதல் நிபந்தனையிலேயே விழுகிறது. 42-இல் 27 போனால் 15, அதுவும் இல்லை. 63-இல் 27 போனால் 36. முடிந்தது.

ஊகத்தைப் பற்றி: இதையும் ஒரு கணக்காகவே போடலாம். நாலு விடைகள், சரியானால் 1 மதிப்பெண், தவறினால் 1/3 கழிப்பார்கள் என்றால், கண்ணை மூடிக்கொண்டு குறிப்பதன் சராசரிப் பலன் 1/4 − (3/4 × 1/3), அதாவது பூஜ்யம். லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை, நேரம் மட்டும் போகும். இரண்டு விடைகள் நிச்சயம் தவறு என்று தள்ளிவிட முடிந்தால் 1/2 − (1/2 × 1/3) = 1/3. அப்போது குறிக்காமல் விடுவதுதான் நஷ்டம். தவறுக்கு 1/4 கழிக்கும் தேர்வில் வெறும் ஊகமே 1/16 லாபம் தரும், மிகச் சின்ன லாபம். 1/2 கழிக்கும் தேர்வில் ஒரு விடையைத் தள்ளினாலும் பலன் பூஜ்யம்தான், இரண்டைத் தள்ளினால் மட்டும் குறியுங்கள். மதிப்பெண் கழிக்காத கேள்விகள் இருந்தால் ஒன்றைக்கூடக் காலியாக விடாதீர்கள். உங்கள் தேர்வின் விதி எது என்பதை அறிவிப்பில் இன்றே பார்த்து, இந்தக் கணக்கை ஒருமுறை நீங்களே போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.