முதல் எபிசோட் முழுக்க அடிதடி, காதல் எங்கே?

'பேட் படி' (Bad Buddy) தாய்லாந்து காதல் சீரியலோட முதல் எபிசோடில் சண்டையைத் தவிர ஒண்ணுமில்ல, நிறுத்திடலாமான்னு கேட்டிருக்கீங்க. அவசரப்படாதீங்க. மொத்தமே 12 எபிசோட்தான், 5 வரைக்கும் பாருங்க. அதுல வர்ற மொட்டைமாடிக் காட்சிக்கு அப்புறம் யார் சொன்னாலும் நிறுத்த மாட்டீங்க.

கதையோட ஜோடி ரெண்டு காலேஜ் பசங்க: பாட் இன்ஜினியரிங், பிரான் ஆர்க்கிடெக்சர். பக்கத்து பக்கத்து வீடு, பெத்தவங்களுக்குள்ள பழைய பகை. கூட்டாளிங்க முன்னாடி முறைச்சுக்கிட்டு நிக்கிறவங்க, தனியா மாட்டும்போது குரலே இறங்கிடுது, கவனிச்சீங்களா? பிரானா நடிக்கிற நனோன் முகத்தைப் பாருங்க: வாய் திட்டும், கண்ணு வேற என்னமோ சொல்லும். வெறுப்பெல்லாம் வீட்டுல ஊட்டினது, இவங்களோடது இல்ல.

எனக்கும் அந்த ரெண்டு டிபார்ட்மென்ட் கும்பல் சண்டை முதல்ல செம அறுவைதான். ஓட்டி விட்டுத்தான் பார்த்தேன். அப்புறம் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டியதாப் போச்சு.