உப்புத் தண்ணீரில் அலுமினியக் கலவை: கேள்வி பதில்

காட்பாடி, இறுதியாண்டு மாணவர்: 6061 என்ற அலுமினிய உலோகக் கலவையில் சிலிக்கான் கார்பைடு என்ற கடினமான துகள் கலந்து வார்த்தோம் சார். கடினம் கூடியது, ஆனால் 3.5 சதவீத உப்புக் கரைசலில் குழி குழியாக அரித்துவிட்டது. ஏன்?

தம்பி, கடினமும் அரிப்பைத் தாங்குவதும் வேறு வேறு சங்கதி. அலுமினியத்தைக் காப்பது அதன்மேல் தானாகப் படியும், சில நானோமீட்டர் தடிமனே உள்ள ஆக்சைடு படலம். துகள் வெளியே தெரியும் இடத்தில் அந்தப் படலம் அறுந்துவிடும். உப்பிலுள்ள குளோரைடு அங்கேதான் புகும். அப்புறம், உலைச் சூட்டைப் பாருங்கள். 6061-இல் சிலிக்கான் ஒரு சதவீதம்கூட இல்லை. அதிகச் சூட்டில் நெடுநேரம் கலக்கினால் துகளின் ஓரத்தில் அலுமினியம் கார்பைடு உண்டாகும். தண்ணீர் பட்டதும் அது மீத்தேனையும் ஹைட்ராக்சைடையும் விட்டுச் சிதையும், துகள் பிடிப்பிழந்து உதிரும். மாதிரியை வெட்டி, பாலிஷ் போட்டு மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். துகளைச் சுற்றிப் பள்ளம் தெரிந்தால் சந்தேகம் அங்கேதான். 7 சதவீதம் சிலிக்கான் உள்ள ஏ356 என்ற வார்ப்பு அலுமினியத்தில் இந்த வினை வெகுவாக அடங்கும். அரித்த பிறகு மாதிரியின் எடை எவ்வளவு குறைந்தது என்பதை மட்டும் நம்பாதீர்கள், குழியின் ஆழத்தை அளந்து பாருங்கள்.

ராணிப்பேட்டை, வார்ப்புப் பட்டறை: கிராஃபைட் துகள் போடலாமா? வழுவழுப்பு கிடைக்குமே.

உப்பு நீருக்கு வேண்டாம். கிராஃபைட் மின்சாரம் கடத்தும், அதன் பக்கத்தில் இருக்கும் அலுமினியம்தான் தேயும்.

வாணியம்பாடி: டேனரி பம்பு இம்பெல்லருக்கு (உள்ளே சுழலும் சக்கரத்துக்கு) இந்தக் கலவை ஆகுமா?

சுண்ணாம்புத் தொட்டிப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அங்கே பிஎச் 12-ஐத் தொடும். அலுமினியத்தின் படலம் சுமாராக 4 முதல் 8.5 வரைதான் நிற்கும். எந்தத் துகளைப் போட்டாலும் உலோகமே கரையும். உப்புத்தோல் ஊறவைக்கும் தண்ணீர் மட்டும் என்றால் சோதித்துப் பார்க்கலாம்.

ஆற்காடு: எங்கள் கலவையில் எடைக் குறைவு வெறும் அலுமினியத்தைவிடக் கம்மி. அப்போது கலவைதானே மேல்?

இல்லை. துகள் அரிக்காது, பரப்பில் அது இருக்கும் அளவுக்கு உலோகம் குறைவு. எடை கம்மியாக இறங்க அதுவே போதும்.

ஆற்காடு, மறுபடி: எல்லோரும் எடையைத்தானே எழுதுகிறார்கள்?

எழுதட்டும். குழிக்குள் தங்கிய கசடும் எடையில் சேரும். நைட்ரிக் அமிலத்தில் கழுவிய பிறகா எடை போட்டீர்கள்? தகட்டில் ஒரே ஓட்டை விழுந்தால் எடை அசையாது, தண்ணீர் ஒழுகும்.

வேலூர்: அனோடைஸ் செய்தால் (மின்சாரம் பாய்ச்சி ஆக்சைடு படலத்தைத் தடிமனாக்கினால்) சரியாகுமா?

ஓரளவு. துகள் இருக்கும் இடத்தில் படலம் சீராக வளராது.

குடியாத்தம்: எங்களுக்கும் குழி அரிப்புதான், காரணம் என்ன?

காட்பாடிக்கு எழுதிய பதிலைப் படியுங்கள். உருக்கின் சூடு, கலக்கிய நேரம், எந்தக் கலவை மூன்றையும் எழுதி அனுப்புங்கள். அது இல்லாமல் என்னால் எதுவும் சொல்ல முடியாது.