"உங்களுக்குப் பாரமாப் போனன்" என்று அம்மா சொன்னால் என்ன செய்வது?

புற்றுநோய் முற்றிய அம்மா இப்படிச் சொல்கிறா, என்ன பதில் சொல்வது என்று கிளிநொச்சியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்.

"அப்பிடிக் கதைக்காதேங்கோ" என்று உடனே நிறுத்திவிடாதீர்கள். பிறகு சொல்லாமல் உள்ளுக்குள் வைத்திருப்பா. எது பாரமாகத் தெரிகிறது என்று கேளுங்கள். தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் வான் காசா, இரவில் நீங்கள் முழித்திருப்பதா, பிள்ளை தன்னைக் கழுவித் துடைக்கிற வெட்கமா? வெட்கமென்றால் ஒரு சகோதரியோ மருமகளோ அந்த வேலையைச் செய்யலாம். காசென்றால் கணக்கை ஒளிக்காமல் சொல்லுங்கள். 2009 போர்க்கால இடப்பெயர்வில் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடிய தாய்மாருக்கு, மற்றவர் கையை எதிர்பார்ப்பது உண்மையிலேயே பெரிய வேதனை. அதனால் காணி அலுவலோ கறிக்கு உப்போ, அவவையும் கேட்டுச் செய்யுங்கள்.

வலி, நித்திரையின்மை, மனச்சோர்வு இந்த எண்ணத்தைக் கூட்டும். வைத்தியரிடம் சொல்லுங்கள், இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. சாக வேண்டும் என்று சொன்னால் தனியே விடாமல், வைத்தியரையோ 1926 என்ற இலங்கைத் தேசிய மனநல உதவி எண்ணையோ அன்றே அழையுங்கள்.