பாதி நீலம், பாதி சிவப்பு

கேள்வி: பாரிஸ் நகரத்துக்கு என்று பாதி நீலம், பாதி சிவப்பில் தனிக்கொடி இருக்கிறதாமே? எந்த வருடம், யார் தீர்மானம் போட்டுக் கொண்டுவந்தார்கள்? தேசியக்கொடி இருக்கும்போது ஒரு நகராட்சிக்கு இன்னொரு துணி எதற்கு?
(வாசகர், கரூர்)

பதில்: தீர்மானம் இருக்கட்டும். கரூரில் உட்கார்ந்துகொண்டு 'இன்னொரு துணி' என்று இத்தனை அலட்சியமாக எழுதலாமா? உங்கள் ஊர்த் தறியில் நெய்த மேசைவிரிப்பும் திரைச்சீலையும் கப்பலேறி ஐரோப்பா வரைக்கும் போகின்றன. நீங்கள் கேட்ட கொடியின் கதையும் ஒரு துணி வியாபாரியிடம்தான் தொடங்குகிறது.

எத்தியென் மார்செல் என்று பெயர். 14ஆம் நூற்றாண்டுப் பாரிசின் பெரிய ஜவுளிக்காரர். அரண்மனைக்கே துணி கொடுத்தவர். பாரிஸ் வணிகர்களின் தலைவர் பதவி அவரிடம் இருந்தது. இன்றைய கணக்கில் மேயர் மாதிரி. 1356ல் புவாத்தியே போரில் பிரான்சின் ராஜாவை ஆங்கிலேயர் சிறைபிடித்துக் கொண்டுபோனார்கள். மூத்த மகன் ஷார்ல், பதினெட்டு வயதுப் பையன், ஆட்சியைப் பார்த்துக்கொண்டான். கஜானா காலி. நாணயத்தில் வெள்ளியைக் குறைத்துக் குறைத்து அடித்தார்கள். வரி கொடுக்கிற நாங்கள் செலவுக் கணக்கையும் கேட்போம் என்று மார்செல் எழுந்து நின்றார். அவர் பக்கம் இருந்தவர்கள் தலையில் போட்டுக்கொண்ட துணிக்குல்லாய்தான் உங்கள் கொடியின் பாட்டி: பாதி சிவப்பு, பாதி நீலம், பாரிசின் நிறங்கள்.

1358 பிப்ரவரி 22. கூட்டம் அரண்மனைக்குள் புகுந்தது. இளவரசனின் இரண்டு தளபதிகளை அவன் கண்ணெதிரே வெட்டிக் கொன்றார்கள். நடுங்கிப் போய் நின்ற ஷார்ல் தலையில் மார்செல் தன் சிவப்பு நீலக் குல்லாயைக் கழற்றி வைத்தார். அவனுடைய தொப்பியைத் தான் போட்டுக்கொண்டார். இந்தக் குல்லாய் இருக்கும்வரை உன்னை யாரும் தொட மாட்டார்கள் என்று அர்த்தம். பட்டத்து இளவரசனுக்கு உயிர்ப்பிச்சை கொடுத்ததை 'ஒரு துணி' என்று தள்ளிவிட எனக்கு மனசு வரவில்லை. அந்தக் கொலைகளை நான் நியாயப்படுத்தவும் இல்லை. அதே வருடம் ஜூலை 31 அன்று சேன் அந்துவான் வாசலருகே மார்செலையும் அடித்துக் கொன்றார்கள், முன்பு அவரோடு இருந்தவர்களே. ஷார்ல் திரும்பி வந்தான்; குல்லாய்கள் காணாமல் போயின.

இப்போது அந்த இரண்டு நிறத்துக்கு வருகிறேன். எனக்குப் பிடித்த இடம் இது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்து ஐரோப்பாவில் பல ஊர்களில் சிவப்புச் சாயக்காரர் நீலத்தொட்டியில் கைவைக்கக் கூடாது, நீலச் சாயக்காரர் சிவப்பைத் தொடக் கூடாது. சங்கங்கள் அத்தனை கண்டிப்பு. நீலத்துக்கு அவர்கள் பயிரிட்டது பஸ்தேல் என்ற செடி, கடுகுக் குடும்பம். அமியன் நகரத்துப் பேராலயத்தின் வெளிச்சுவரில் இரண்டு பேர் நடுவே ஒரு நிறைமூட்டையோடு நிற்கிற சிற்பம் உண்டு. சாமியார்களோ ராஜாக்களோ இல்லை, பஸ்தேல் வியாபாரிகள். அந்தச் செடியில் இருக்கும் சாயப்பொருளும் நம் அவுரியில் இருப்பதும் ஒன்றே. தொட்டியிலிருந்து தூக்கும்போது துணி பச்சையும் மஞ்சளுமாக இருக்கும். காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாக மாறும். கரூர்ப் பக்கத்துப் பெரியவர்களைக் கேளுங்கள், பார்த்தவர் இருப்பார்கள். அவர்கள் சிவப்புக்குப் பயன்படுத்தியது மஞ்சிட்டியின் பங்காளிச் செடி. அதன் வேரில் இருக்கிற அலிசரின் என்ற அதே சிவப்புச் சாயப்பொருள்தான் சோழமண்டலக் கரைச் சாயக்காரர்கள் தோண்டியெடுத்த சாயவேரிலும் இருக்கிறது.

நம் அவுரி வந்தால் பஸ்தேல் விவசாயம் அழியும் என்று பயந்து, 1609ல் பிரெஞ்சு ராஜா நான்காம் ஹென்றி அவுரி நீலத்தைப் பயன்படுத்தினால் மரண தண்டனை என்றே ஆணை போட்டார். அதே பிரெஞ்சுக்காரர்கள் பிறகு நம் புதுச்சேரியில் அவுரியில் தோய்த்த 'கினே' என்ற நீலத்துணியைக் கப்பல் கப்பலாக செனகல் நதிக்கரைக்குக் கொண்டுபோய், காசுக்குப் பதில் அதைக் கொடுத்து வேலம்பிசின் வாங்கினார்கள். துணியே பணமாக ஓடியிருக்கிறது, ஐயா.

சரி, கொடி. மார்செலுக்குப் பிறகும் சிவப்பும் நீலமும் பாரிசின் நிறங்களாகவே இருந்தன. சிவப்பு புனித தெனியுடையது, நீலம் புனித மார்த்தேனின் அங்கியுடையது என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். குளிரில் நடுங்கிய பிச்சைக்காரனுக்குத் தன் அங்கியைப் பாதியாகக் கிழித்துக் கொடுத்தவர் அந்த மார்த்தேன்.

1789 ஜூலை 12, பிரெஞ்சுப் புரட்சி வெடிக்கிற நேரம். பாரிசின் பலே ருவாயால் தோட்டத்தில் காமில் தெமூலன் என்ற வக்கீல் மக்களைக் கிளப்பிவிட்டபோது அடையாளமாகத் தொப்பியில் செருகியது பச்சை இலை. பச்சை அடுத்த நாளே கைவிடப்பட்டது. ராஜாவின் தம்பி, மக்கள் வெறுத்த அர்த்துவா பிரபுவின் நிறம் அது. நகரக் காவற்படை தொப்பியில் குத்திக்கொண்டது பழைய நீலத்தையும் சிவப்பையும். மறுநாள் பஸ்தீய் சிறை விழுந்தது. 17ஆம் தேதி பதினாறாம் லூயி நகர மன்றத்துக்கு வந்தபோது மேயர் பாயி அந்தச் சின்னத்தை ராஜா கையில் கொடுத்தார், ராஜா தொப்பியில் குத்திக்கொண்டார். இரண்டு நிறத்துக்கும் நடுவே வெள்ளையைச் சேர்த்தது தான்தான் என்று காவற்படைத் தளபதி லாஃபாயெத் எழுதிவைத்திருக்கிறார். இப்போதுள்ள வரிசையில் மூவர்ணம் சட்டமானது 1794 பிப்ரவரியில்.

ஆக, தேசியக்கொடி இருக்கும்போது நகரத்துக்கு ஏன் இன்னொன்று என்ற உங்கள் கேள்வி தலைகீழாக நிற்கிறது. பாரிசின் இரண்டு நிறம் முந்தியது, நாட்டின் மூன்று நிறம் பிந்தியது. இன்றைய நகரக்கொடி மூவர்ணத்திலிருந்து வெள்ளையை உருவினால் எப்படியோ அப்படி: கம்பத்துப் பக்கம் நீலம், மறுபக்கம் சிவப்பு. பாரிஸ் சேன்ஜெர்மேன் கால்பந்து அணியின் சட்டையிலும் அதே நீலம், அதே சிவப்பு. வெள்ளை மட்டும் பக்கத்து ஊரான சேன்ஜெர்மேனுடையது.

யார் தேர்ந்தெடுத்தார்கள் என்கிறீர்கள். தலையில் போட்டுக்கொண்டவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். கம்பத்தில் ஏறியது பிற்பாடு. நகரச் சின்னத்தை விளம்பரக் கம்பெனியிடம் கொடுத்து வரைந்து வாங்கும் வழக்கத்தை இந்தப் பக்கத்தில் நான் ஓயாமல் எதிர்ப்பது இதனால்தான். பிரான்சும் அதில் தப்பவில்லை. 1982ல் நகராட்சிகளுக்கு அதிகாரம் கூடியதும் ஊர் ஊராக ஒரு வளைவு, ஒரு அலை, ஒரு சூரியன் என்று லோகோ வாங்கி, வெள்ளைத் துணியில் அச்சடித்துப் பறக்கவிட்டார்கள். எந்த ஊர்க் கொடி என்று அந்த ஊர்க்காரருக்கே தெரியாது. மார்செய் துறைமுகம் பிழைத்தது. வெள்ளையில் நீலச் சிலுவை, 13ஆம் நூற்றாண்டிலேயே அந்நகரத்துக் கப்பல்கள் தூக்கிய சிலுவைக் கொடி.

2021 டிசம்பரில் நம் தேசியக்கொடியைப் பாலியஸ்டரில் செய்யலாம், இயந்திரத்தில் செய்யலாம் என்று விதியைத் திருத்தியபோது நான் எதிர்த்து எழுதினேன். மலிவு, மழைக்குத் தாங்கும் என்று சண்டைக்கு வந்த வாசகர்களுக்கு இப்போதும் சொல்கிறேன்: நூற்றவர் கையும் நெய்தவர் கையும் படாத கொடி எனக்கு வேண்டாம். கதர்க்கொடி நனைந்தால் கனக்கும், வெயிலில் வெளுக்கும். வெளுத்தால் அடுத்த வருடம் ஒரு நெசவாளிக்கு வேலை.

திண்டிவனம் பக்கம் இன்றும் அவுரி பயிராகிறது. உங்கள் வீட்டிலோ தெரிந்தவர் வீட்டிலோ அவுரித்தொட்டி வைத்திருந்த சாயக்காரர் குடும்பம் இருந்தால், தொட்டி பக்குவமானதை எப்படிக் கண்டுபிடித்தார்கள், வாசனையை வைத்தா நுரையை வைத்தா என்று கேட்டு எழுதுங்கள். எவ்வளவு நீளமாக இருந்தாலும் போடுகிறேன்.